நாற்பதாவது ரத்தம்

மூன்றாவது தடவையும் மெஷின் அதே படத்தைத்தான் துப்பியது.

"இந்த மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார் லேப்காரர்.

"அப்ப உங்களுக்குத்தான் பிடிச்சிருக்கு. குழாயை மாத்தியிருப்பீங்க. பேரை மாத்தி ஒட்டியிருப்பீங்க. கண்ணை எங்க வச்சுட்டு வேலை பாக்கறீங்க?"

லேப்காரர் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷம் இந்த அம்மாவோடு குப்பை கொட்டியவருக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரியும். குழந்தைக்கு மூன்று முறையும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தது டாக்டரம்மா. ஊதா மூடி போட்ட குழாயில் பெயர் எழுதி ஒட்டியதும் அவரே. மெஷினில் வைக்கும்போது கூட நகராமல் பக்கத்திலேயே நின்றார். இதில் லேப்காரர் எங்கிருந்து மாற்றுவார்? ஆனாலும் யாரையாவது திட்டியாக வேண்டும் என்றால் கைக்கு எட்டுகிற ஆளைத்தானே திட்ட முடியும்.

படம் ஒன்றும் புரியாத படம் இல்லை. இதே மாதிரி படத்தை டாக்டரம்மா ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். பத்து மாதக் குழந்தையின் ரத்தத்தில் பெரியவர்கள் ரத்தத்தில் இருக்கிற சரக்கு ஊறத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தக் குழந்தையிடம் அது துளிகூட இல்லை. வயிற்றில் இருந்தபோது கிடைத்த பழைய சரக்கை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் தீர்ந்துகொண்டே வருகிறது. தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆயுசு முழுக்க, அடுத்தவர் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய வியாதி. வேறு யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் முதல் படத்திலேயே முடிவு சொல்லியிருப்பார். இது அவருடைய அண்ணன் பேத்தி. அதனால் ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்து, மூன்று வாரத்தை வீணடித்தார். அந்த மூன்று வாரத்தில் குழந்தை இன்னும் வெளுத்தது. மண்ணீரல் வீங்கி இன்னும் இரண்டு விரல்கடை இறங்கியது.

வார்டில் அவருக்கு 'ஊசிவெடி' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர். ஒல்லியான ஆள், கையில் எப்போதும் ஊசி, எந்த நேரம் வெடிப்பார் என்று தெரியாது. அவர் காதுக்கும் அது எட்டியிருக்கிறது. "யாருடா எனக்குப் பேர் வச்சது?" என்று கேட்டு எல்லாப் பிள்ளைகளையும் சிரிக்க வைத்துவிட்டு, சிரிக்கிற நேரம் பார்த்து நரம்பில் ஊசியை ஏற்றிவிடுவார். கெட்டிக்காரி என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரி.

கோபத்தாலேயே ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்த ஆள் அவர். டாக்டருக்குப் படித்து முடித்த புதிதில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, அவர் கண் முன்னாலேயே வெளுத்துச் செத்தார்கள். மூன்று பேர் கேஸ் ஷீட்டிலும் 'ரத்தசோகை' என்று ஒரே வார்த்தையை எழுதி மூடினார் பெரிய டாக்டர். "ஏன் சார் மூணு பேருக்கும்?" என்று கேட்டதற்கு, "ஏழை வீடு, சத்தில்லை" என்றார். அந்தப் பிள்ளைகளின் அம்மா முகத்தைப் பார்த்தவருக்குக் கோபம் பற்றிக்கொண்டது. இருதயத்துக்குப் படி, மூளைக்குப் படி என்று எல்லோரும் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ரத்தத்துக்குப் படித்தார். உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் கேட்டு வாங்கி, எட்டுப் படுக்கை போட்டு வார்டு ஆக்கினார். மெஷினுக்காக ஐந்து வருஷம் சண்டை போட்டார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி, காலேஜ் காலேஜாகப் போய் பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்து வந்தார். "ரத்தத்தை எல்லாம் பஸ்ஸுல ஏத்தக்கூடாதும்மா" என்று இறக்கிவிட்ட கண்டக்டர்கள் எத்தனை பேர்! பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற ரத்தக் கோளாறு எது எது இந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவர் எழுதிய கட்டுரைகளைத் தெரியாத ரத்த டாக்டர் கிடையாது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கு நேரமில்லை என்பார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சாப்பாடு. அதுதான் அவருக்குக் குடும்பம்.

அந்த வீட்டுக்குத்தான் இப்போது போகவேண்டியிருந்தது.

அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. உச்சிவெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அண்ணன் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு இரும்புக் கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் மெஷினை அணைத்தார்.

"என்னம்மா இந்த நேரத்துல? ஆஸ்பத்திரி லீவா?"

"உள்ள வாங்கண்ணே. எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க."

அண்ணி அடுப்பில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் தரையில் பாயில் உட்கார்ந்து குழந்தைக்கு மசித்த பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் போனால் இரண்டு வாய் வெளியே வந்தது. அவள் புருஷன் ஐஸ் ஃபேக்டரி மெஷின்களைச் சரி பார்க்கிறவன், வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். குழந்தைக்கு முடியவில்லை என்றுதான் அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

எத்தனையோ பேருக்கு இந்தச் சேதியைச் சொன்னவர் டாக்டரம்மா. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, படம் போட்டு, பொறுமையாகச் சொல்வார். இன்று நின்றபடியே சொன்னார்.

"குழந்தைக்குத் தலசீமியா."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "அது உங்க வார்டு பிள்ளைங்களுக்கு வர்றதுல்ல? நம்ம வீட்டுக்கு எப்படி வரும்?"

"எல்லார் வீட்டுக்கும் வர்ற மாதிரிதான் அண்ணி வரும்."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கக் கரி போகவில்லை. மகள் மட்டும் அழவில்லை, பதறவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா அம்மா ரெண்டு பேர் ரத்தத்துலயும் இது வெளியில தெரியாம இருந்தாத்தான் குழந்தைக்கு வரும். அப்படித்தானே அத்தை?"

"ஆமா."

"அப்ப எங்கிட்ட இருக்கு."

டாக்டரம்மா தலையசைத்தார்.

"எங்கிட்ட இல்லேன்னு சீட்டு குடுத்தீங்களே அத்தை. எனக்குப் பதினாலு வயசு. புது மெஷின் வந்துருக்குன்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்தீங்க. பிஸ்கட் குடுத்தீங்க. அந்தச் சீட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு."

"அப்ப உனக்கு உடம்புல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. இரும்பு கம்மியா இருந்தா மெஷின்ல வர்ற நம்பர் இறங்கிக் காட்டும். அது வந்து, டெக்னிக்கலா என்னன்னா..."

"மழுப்பாதீங்க அத்தை."

"மழுப்பல. விளக்கம் சொல்றேன்."

"உங்க விளக்கம் எனக்கு மனப்பாடம். இரும்பு கம்மியா இருந்தா மூணு மாசம் மாத்திரை குடுத்துட்டு மறுபடியும் பாக்கணும். ஊருக்கே சொல்றீங்க. மாத்திரை குடுத்தீங்க, நானும் முழுங்கினேன். மறுபடியும் ஏன் பாக்கல?"

"விடும்மா" என்றார் அண்ணன். "அத்தை வேணும்னா பண்ணியிருப்பா?"

"நீங்க சும்மா இருங்கப்பா. வேணும்னு பண்ணலங்கறது எனக்கும் தெரியும். ஏன் பண்ணலன்னுதான் கேக்கறேன்." குழந்தை சிணுங்கியது. தோளில் தூக்கிப் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். தட்டியது மெதுவாக, பேச்சு அப்படி இல்லை. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க மாமியார் கேட்டாங்க. உங்க வீட்டுலதான் ரத்த டாக்டர் இருக்காங்களே, எங்க பையனுக்கும் ஒரு தடவை பாத்துடலாமான்னு. படிக்காத பொம்பளை அவங்க. அவங்களுக்குத் தோணிச்சு. நீங்க என்ன சொன்னீங்க?"

டாக்டரம்மாவுக்கு நினைவிருந்தது.

"வேண்டாங்க, ஒருத்தர்கிட்ட இல்லேன்னா போதும், எங்க பொண்ணு ரத்தம்தான் எங்க லேபுக்கே அளவுகோல்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். இவ வயித்துல இருக்கும்போது செக்கப்புக்குப் போன இடத்துல நர்சம்மா இதே டெஸ்ட்டை எழுதினாங்க. எங்க அத்தை பாத்துட்டாங்கன்னு பெருமையாச் சொல்லிட்டு எழுந்து வந்தேன்."

"இப்ப என்ன பண்ணணுங்கற?" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தாலும் குரல் தானாக உயருகிற ஜாதகம் அவருக்கு. "என் கையை வெட்டிக்கவா?"

"உங்க கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எம்பிள்ளைக்கு ரத்தம் ஏத்தறதுக்கு அது வேணும். வச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் தங்கச்சியைப் பட்டறைக்குக் கூட்டி வந்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுப் புள்ளி புள்ளியாகிப்போன கை. அந்தக் கையால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அவ பேசறதை மனசுல வச்சுக்காத. மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கறேன். மெஷின் கோளாறுன்னு சொல்லிடறேன். நீ வெளியில வாயைத் திறக்காத. முப்பது வருஷம் உசுரைக் குடுத்துச் சம்பாதிச்ச பேரு. ஒரே நாள்ல நாறடிச்சுடுவாங்க."

டாக்டரம்மா மண்டையை ஆட்டினார். ஆமாம், ஆட்டினார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. மெஷினை ஐந்து வருஷம் சண்டை போட்டு வாங்கியவர், அந்த மெஷின் தலையில் பழியைப் போடச் சம்மதித்து, அண்ணி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அண்ணன் மகளும் அவள் புருஷனும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். மெஷின் காட்டுகிற நம்பருக்கு எல்லைக்கோடு மூன்றரை. அதைத் தாண்டினால் இருக்கிறது, தாண்டாவிட்டால் இல்லை. அவளுக்கு ஐந்தேகால். அவனுக்கு ஐந்து. இப்போது இரும்புச்சத்து சரியாக இருந்ததால் ஒளித்து வைக்க எதுவும் இல்லை.

வியாழக்கிழமை குழந்தைக்கு முதல் ரத்தம். வார்டில் எட்டுப் படுக்கையும் நிறைந்திருந்தது. வியாழக்கிழமைக் கூட்டம் எப்போதும் அப்படித்தான். பெரிய பிள்ளைகள் ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் வீட்டுப்பாடம் எழுதும். அம்மாக்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து, கதை பேசி, ஒருத்தி பிள்ளையை ஒருத்தி பார்த்துக்கொண்டு டீக்குப் போய் வருவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். அதற்கு மட்டும் டாக்டரம்மாதான் வரவேண்டும்.

அவர் அண்ணன் பேத்தியின் புறங்கையைத் தடவி, தட்டி, விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை வீரிட்டது. பக்கத்தில் அண்ணன் மகள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன மாதம் வேலைக்குச் சேர்ந்த சின்ன டாக்டர் ஒரு பெண், வழக்கமான படிவத்தை நிரப்பினாள். அவளுக்கு இவர்கள் உறவு எதுவும் தெரியாது, பாவம்.

"குழந்தை எத்தனை மாசத்துல வெளுக்க ஆரம்பிச்சுது?"

"ஆறு."

"சொந்தத்துல கல்யாணமா?"

"இல்ல."

ஆறாவது கேள்வி டாக்டரம்மாவே சேர்த்த கேள்வி. படிவத்தில் அது அச்சாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அச்சான பிறகும் பல வருஷம் அவரே வாயால் கேட்டார், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. கேட்கும்போது பெற்றவர்கள் தலை தொங்கும். தொங்கட்டும், அப்போதுதான் சித்தி பெண்ணுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை பண்ணீங்களா?"

"பண்ணேன்" என்றாள் அண்ணன் மகள்.

சின்ன டாக்டர் நிமிர்ந்தாள். யாரும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. "எங்க பண்ணீங்க?"

"இங்கதான்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லேன்னு சீட்டு குடுத்தாங்க."

"யாரு பாத்தாங்க?"

"இதோ ஊசி குத்திட்டிருக்காங்களே, அவங்கதான்."

ஊசி அந்த நேரத்தில் நரம்புக்குள் போயிருந்தது. டாக்டரம்மா கையை அசைக்கவில்லை. அசைத்தால் நரம்பு போய்விடும். பிளாஸ்திரி ஒட்டினார், குழாயை மாட்டினார், சொட்டு விழுவதைப் பார்த்தார். ஜன்னலோரப் படுக்கையில் ரொட்டிக்கடைக்காரி, ஒன்பது வயது மகனின் தலைமாட்டில் இருந்தவள், எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

"ஆமா."

"எங்கிட்டயும் இதே கேள்வியைக் கேட்டீங்க. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகற மாதிரி கேட்டீங்க. எட்டு வருஷமாச்சு. எம்புள்ளையை நான்தான் கெடுத்தேன்னு ஒவ்வொரு வாட்டி ஊசி ஏறும்போதும் நெனச்சுக்குவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மெதுவாக் கேட்டிருக்கலாம்ல?"

அந்த வார்டில் யாரும் டாக்டரம்மாவை இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெடித்திருப்பார். இன்று வெடிக்க மருந்து இல்லை.

"கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு சின்ன டாக்டரிடம் திரும்பினார். "எழுதிக்கோம்மா."

"என்ன மேடம் எழுதறது?"

"பரிசோதனை செஞ்சாங்க. தப்பான சீட்டு குடுத்தாச்சு. குடுத்தவங்கன்னு என் பேரைப் போடு."

"மேடம், மெஷின்ல ஏதாவது..."

"மெஷின்ல ஒண்ணுமில்ல. நான் சொன்னதை எழுது."

அண்ணன் மகள் அதைக் கேட்டு இளகிவிட்டாள் என்று நினைத்தால் அவளைத் தெரியாது என்று அர்த்தம். அவளும் அந்த வீட்டு ரத்தம்தானே. குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அத்தை முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னை ஒருத்தியைத்தான் தப்பாப் பாத்தீங்களா? இன்னும் எத்தனை பேரு?"

அந்தக் கேள்வி டாக்டரம்மாவுக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? தோன்றியது. தோன்றியதை உள்ளே விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

வார்டிலிருந்து நேராக லேபுக்குப் போனார். "பதிமூணு வருஷத்துக்கு முந்தின நோட்டை எடுங்க. புது மெஷினுக்கு எல்லை போட்டோமே, அந்த நோட்டு."

லேப்காரர் தேடவில்லை. மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு மாதமாகவே அது அங்கேதான் இருந்தது போல.

புது மெஷின் வந்தால், வியாதி எதுவும் இல்லாத நாற்பது பேர் ரத்தத்தை ஓட்டி, அவர்கள் நம்பரை வைத்துத்தான் எல்லைக்கோடு போடுவார்கள். நாற்பது பேருக்கு எங்கே போவது? லேப் ஆட்கள், நர்சுகள், அவர்கள் வீட்டு ஆட்கள் என்று பிடித்துப் பிடித்துப் போட்டார்கள். முப்பத்தொன்பது தேறியது. நாற்பதாவதாக அண்ணன் மகள். மற்றவர்கள் எல்லோரும் இரண்டரை, மூன்று என்று இருக்க, அவளுக்கு மட்டும் மூன்று புள்ளி நான்கு. சிவப்பணுவும் குட்டி குட்டியாக இருந்தது.

"அன்னிக்கே சொன்னேன் மேடம்" என்றார் லேப்காரர். "இந்த ஒண்ணு ஒட்டாம நிக்குது, விட்டுடலாம், வேற ஆளைப் பாக்கலாம்னு."

"என்ன சொன்னேன் நான்?"

"எங்க வீட்டு ரத்தத்தையே சந்தேகப்படறீங்களா, வேலையைப் பாருங்கன்னு சொன்னீங்க." லேப்காரர் அதோடு நிறுத்தவில்லை. "இருபத்தாறு வருஷத்துல உங்களை ஒரே ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசினேன். அன்னிக்கும் அடங்கிட்டேன். அடங்கியிருக்கக் கூடாது. உங்க மேல எவ்வளவு கோவமோ அவ்வளவு கோவம் எனக்கு எம்மேலயும் இருக்கு."

டாக்டரம்மா நாற்பதாவது வரியைப் பேனாவால் அடித்தார். மீதி முப்பத்தொன்பதை வைத்து மறுபடியும் கணக்குப் போட்டார்கள். எல்லைக்கோடு மூன்றரையில் நிற்கவில்லை. மூன்று புள்ளி மூன்றுக்கு இறங்கியது. ஒரு பெண்ணின் ரத்தம் கோட்டை அந்த அளவுக்குத் தூக்கி நிறுத்தியிருந்தது. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுந்து, "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சீட்டு வாங்கிப் போனவர்களைப் பழைய நோட்டுகளில் தேடினார்கள். இரண்டு நாள் ஆனது. நூற்றுப் பதினேழு பேர். எல்லோரிடமும் இருக்காது. பாதிப் பேரிடம் இருக்கலாம், கால்வாசிப் பேரிடம் இருக்கலாம். யாரிடம் என்று மறுபடி பார்த்தால்தான் தெரியும்.

பட்டியலோடு போனவரை ஆஸ்பத்திரித் தலைவரான டீன் உட்காரச் சொல்லி, மின்விசிறியைக் கூட்டி வைத்து, தன்மையாகத்தான் பேசினார். தன்மையாகப் பேசுகிறவர்கள் மேல் டாக்டரம்மாவுக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு.

"மேடம், நீங்க ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. உங்க பேர்ல ஒரு அரங்கம் திறக்கலாம்னு இருக்கோம். இந்த நேரத்துல இது தேவையா?"

"தேவையா இல்லையான்னு அந்த நூத்திப் பதினேழு பேரைக் கேளுங்க."

"ஒரு கமிட்டி போடுவோம். அவங்க பாத்து ஒரு அறிக்கை..."

"கமிட்டி டீ குடிச்சுட்டு எழுந்திருக்கறதுக்குள்ள அதுல எத்தனை பேருக்குக் கல்யாணம் ஆகும்? எத்தனை பேரு வயித்துல பிள்ளையோட இருப்பாங்க?"

"சரி. கூப்பிடுங்க, நான் தடுக்கல. ஆனா வார்த்தையைப் பாத்துப் பேசுங்க. தப்புங்கற வார்த்தை வேண்டாம். மறு ஆய்வுன்னு சொல்லுங்க. பயப்பட ஒண்ணுமில்ல, வசதிப்பட்டா வாங்கன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி பேரு கெடக்கூடாது. உங்க பேருக்காகவும்தான் சொல்றேன்."

டாக்டரம்மா கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வார்டுக்கே கேட்டது. ஆனால் கதவை அறைந்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில் லேப் போனை எடுத்து நம்பரை அழுத்தியபோது அவர் வாயில் வந்தது டீன் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள்தான். "ஒரு சின்ன மறு ஆய்வு... பயப்பட ஒண்ணுமில்ல... வசதிப்பட்டா ஒரு தடவை..." ஊரையே கத்தி அதட்டிய குரல், கடன் கேட்க வந்த குரல் மாதிரி இழுத்தது. கேட்டவர்களும் அதற்கேற்ற பதிலைச் சொன்னார்கள். "சரிங்க, பாக்கறோம்." "அடுத்த மாசம் அந்தப் பக்கம் வர்ற வேலை இருக்கு, அப்ப வர்றோம்." பதினேழு நாளில் எழுபது பேரைக் கூப்பிட்டார். வந்தது ஒன்பது பேர். ஒன்பதில் நான்கு பேரிடம் இருந்தது.

மூன்று வாரம் ஓடி, மறுபடியும் வியாழக்கிழமை வந்தது. அண்ணன் பேத்திக்கு இரண்டாவது ரத்தம். முதல் ரத்தத்தில் குழந்தையின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. தவழ்ந்து போய் எதையோ பிடுங்கியது, பாட்டியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தது என்றெல்லாம் அண்ணி போனில் சொன்னார். அண்ணன் மகள் எதுவும் சொல்லவில்லை. அவள் வருவாள், குழந்தையைக் கிடத்துவாள், நரம்பு கிடைக்கும்வரை காலைப் பிடித்துக்கொள்வாள், அப்புறம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். 'அத்தை' என்று அவள் கூப்பிட்டு ஒரு மாதமாகிறது.

ஊசி ஏற்றிவிட்டு டாக்டரம்மா லேபுக்குப் போனார். வார்டுக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நம்பரை அழுத்தினார். எடுத்தது ஒரு பெரிய மனுஷர், பெண்ணின் அப்பா.

"நான் ரத்த வார்டுலேர்ந்து பேசறேன். உங்க பொண்ணுக்கு நாலு வருஷம் முன்னாடி இங்க ஒரு டெஸ்ட் எடுத்தோம்..."

"ஆமாங்க, காலேஜ்ல எடுத்தீங்க. ஒண்ணும் இல்லேன்னு சீட்டு குடுத்தீங்க. ரொம்ப உபகாரம். அந்தச் சீட்டைக் காட்டித்தான் மாப்பிள்ளை வீட்டுலயே பேசி முடிச்சோம். இருபதாந்தேதி கல்யாணம்."

"அப்படிங்களா. நல்லது. அதுல ஒரு சின்ன மறு ஆய்வு இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்கு வசதிப்பட்டா..."

"கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கும்மா. முடிஞ்சதும் ரெண்டு பேரையும் அனுப்பி வைக்கறேன்."

"சரிங்க, முடிஞ்சதும்..."

கையிலிருந்த போனை ஒரு கை பிடுங்கியது. அண்ணன் மகள் பின்னால் நின்றிருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டிருக்கிறாள். குழந்தையை ரொட்டிக்கடைக்காரியிடம் விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அவள் கண் சிவந்திருந்தது, அழுகையால் இல்லை.

"ஐயா, வச்சுடாதீங்க. அந்தச் சீட்டு தப்பு."

அந்தப் பக்கம் என்னவோ சத்தம் போட்டார்கள்.

"தப்புன்னா தப்பு. இங்க பாத்ததுல தப்பு நடந்துபோச்சு. உங்க பொண்ணுகிட்ட இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

"ஏம்மா, என்ன நெனச்சுட்டிருக்கே? கல்யாண வீட்டுல வந்து இப்படிப் பேசறே! நீ யாரும்மா? நர்ஸா?" போன் காதில் இருந்தும் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அந்த டாக்டரோட கூடப்பொறந்த அண்ணன் பொண்ணு நான். எனக்கும் இதே சீட்டுதான் குடுத்தாங்க. நம்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். எம்பொண்ணுக்குப் பத்து மாசம் முடிஞ்சு பதினொண்ணு நடக்குது. பக்கத்து ரூம்ல ரத்தம் ஏறிட்டிருக்கு. சாகற வரைக்கும் ஏத்தணும். இதுக்கு மேல நான் என்ன சொல்லணும், சொல்லுங்க?"

லேப்காரர் கையில் குழாயோடு அப்படியே நின்றார். அந்தப் பக்கத்துக் குரல் இப்போது வேறு ஆளின் குரல் மாதிரி இறங்கி வந்தது.

"எத்தனை மணிக்கு வரணும்மா?"

"நாளைக்குக் காலையில எட்டு மணி."

போனை வைத்தாள். மேஜையில் கிடந்த பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கூப்பிட்டாயிற்று என்று டிக் அடித்திருந்த எழுபது பெயரையும் விரலால் மேலிருந்து கீழே தடவினாள்.

"இவங்கள்ல வராதவங்களையும் மறுபடி கூப்பிடணும்" என்றாள். "உங்களுக்கு வாய் வரலேன்னா நம்பரை மட்டும் போட்டுக் குடுங்க. நான் பேசறேன்."

"நீ பேச வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "அது என் வேலை."

பட்டியலின் முதல் பெயருக்குப் போனார். நம்பரை அழுத்தும்போது விரல் ஒரு தடவை தவறியது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். நான்கு தடவை மணி அடித்தபின் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"வணக்கம்மா. ரெண்டு வாரம் முன்னாடி கூப்பிட்டேன்ல, ரத்த டாக்டர். அன்னைக்கு நான் சரியாச் சொல்லல. உங்களுக்கு நான் குடுத்த சீட்டு தப்பு. தப்பு பண்ணது நான்தான்."

அண்ணன் மகள் வார்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தடுப்பில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அத்தை அடுத்த வார்த்தையைச் சரியாகச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.